மல்பெரியைக் கெடுத்த மாவுப்பூச்சியும் அதனை வென்ற குளவியும்

பட்டுச் சேலையின் வரலாறு தறியில் தொடங்குவதில்லை. மல்பெரித் தோட்டத்திலே தொடங்குகின்றது. பட்டுப்புழு மல்பெரி இலையையன்றி வேறொன்றை உண்டு வளர்வதில்லை. நான்கு முறை தோலுரித்து, ஐந்து பருவங்களைக் கடந்து, கூடு கட்டும் வரையில் அதற்கு ஆகாரம் அந்த ஓர் இலையே. அதிலும், தன் வாழ்நாளில் தின்னும் இலையில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேற்பட்டதை அது ஐந்தாம் பருவத்தில், அதாவது கடைசி ஒரு வார காலத்தில், தின்று தீர்க்கின்றது. அந்த வாரத்தில் தோட்டத்தில் நல்ல இலை இல்லையென்றால் அதுவரை செய்த செலவும் உழைப்பும் வீணே. இலை கெட்டால் கூடு கெடும். கூடு கெட்டால் நூல் குறையும். நூல் குறைந்தால் தறி ஓயும். ஆகவே தோட்டத்தில் ஒரு பூச்சி புகுந்தது என்ற செய்தி, பயிரிடுவோருக்கு எவ்வளவு உரியதோ, நெசவு செய்வோருக்கும் அவ்வளவு உரியதாகும்.

சில ஆண்டுகளுக்கு முன், கொங்கு நாட்டுச் சிற்றூர் ஒன்றில் சங்கக் கணக்குகளை ஆய்வு செய்துகொண்டிருந்தேன். தவணை தவறிய கடன்களின் பட்டியலில், பல ஆண்டுகளாக நிலுவையில் நின்ற ஒரு பெயருக்கு எதிரே, குறிப்புக் கட்டத்தில், “பயிர்ச்சேதம்” என்ற ஒரே சொல் எழுதப்பட்டிருந்தது. “நாணயமான ஆள், வட்டியை மட்டும் விடாமல் கட்டி வருகிறார்” என்றார் செயலாளர். மறுநாள் அவரே சங்கத்துக்கு வந்தார். என்ன சேதம் என்று கேட்டேன். “பூச்சிக்கு மருந்தடிச்சேனுங்க. பூச்சி சாகலீங்க, புழுதான் செத்துப்போச்சுங்க” என்று சொல்லித் தலை குனிந்தார். அவர் சொன்ன கதையையும், அதன் பின்னணியில் நின்ற பெரிய கதையையும் நம் உறுப்பினர்கள் அறிந்துகொள்வது நன்மை பயக்கும் என்று எண்ணியே இதனை எழுதுகின்றேன்.

ஒரு தோட்டத்தின் அழிவு

2009 ஆம் ஆண்டில் அவருடைய இரண்டு ஏக்கர் மல்பெரித் தோட்டத்தின் ஓரச் செடிகளில், சுண்ணாம்பு தெளித்தாற்போல் வெள்ளைத் திட்டுக்கள் தோன்றின. சில வாரங்களில் நுனித் தளிர்கள் சுருண்டன; இலைகள் மஞ்சளாகி, அவற்றின் மேல் கரி பூசியது போன்ற கறை படிந்தது. மருந்துக் கடையில் கேட்டு ஒரு மருந்து தெளித்தார். பத்து நாட்களில் வெள்ளை மீண்டும் பரவியது. அதனினும் கடியதாக வேறொன்றைத் தெளித்தார். பிறகு மூன்றாவதும் தெளித்தார். அவ்வேளையில் புழு மனையில் ஐந்தாம் பருவத்துப் புழுக்கள் இலைக்காகக் காத்திருந்தன. வெளியில் இலை விலைக்குக் கிடைக்கவில்லை. மருந்தின் வீரியம் அடங்கியிருக்கும் என்று நம்பித் தன் தோட்டத்து இலையையே பறித்து இட்டார். மறுநாள் காலையில் தட்டுக்களில் ஒரு புழுவும் அசையவில்லை.

2010 ஆம் ஆண்டின் நடுவில் அவர் தோட்டத்தை வேரோடு பிடுங்கிவிட்டு மக்காச்சோளம் விதைத்தார். அடுத்த தோட்டம் அவருடைய மச்சானுடையது. மச்சான் மருந்துக்குப் பணமில்லாத காரணத்தால், பூச்சி பிடித்த கிளைகளை வெட்டி எரித்ததோடு நின்றுவிட்டார். 2011 இல் வேளாண் அலுவலர்கள் சிறு குப்பிகளில் கொண்டுவந்து விட்ட குளவிகள் அந்தத் தோட்டத்தில் பெருகின. சில மாதங்களில் மல்பெரி மீண்டும் தழைத்தது. “இன்னும் ஆறு மாசம் பொறுத்திருந்தா என் தோட்டமும் நின்னிருக்குமுங்க” என்றார் அந்த உறுப்பினர். அந்தக் குளவி வரப்போகிறது என்பதை அவருக்கு எவரும் சொல்லவில்லை. “பயிர்ச்சேதம்” என்ற சொல்லுக்குள் மறைந்து கிடந்தது இதுவே.

எங்கிருந்து வந்தது?

இப்பூச்சியின் பெயர் பப்பாளி மாவுப்பூச்சி. சில ஊர்களில் இதனைக் கள்ளிப்பூச்சி என்றும் கூறுவர். இதன் தாயகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவுமாகும். அங்கே இது பெரிய தொல்லை தருவதில்லை. காரணம், இதனைத் தின்றும் துளைத்தும் அழிக்கும் இயற்கைப் பகைவர்கள் அந்நாட்டிலேயே உள்ளமைதான். 1990 களில் கரீபியத் தீவுகளுக்கும், 1998 இல் அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்துக்கும், பின்னர்ப் பசிபிக் தீவுகளுக்கும் இது பரவியது. 2008 இல் இந்தோனேசியாவிலும், இலங்கையிலும், நம் கோயம்புத்தூரிலும் காணப்பட்டது. பூச்சியியல் அறிஞர் ஆர். முனியப்பனும் அவரோடு பணியாற்றியோரும் இந்தியாவில் இது நுழைந்த செய்தியை அவ்வாண்டிலேயே வெளியிட்டனர்.

கடல் கடந்து வந்த பூச்சி, தன் பகைவர்களைத் தாயகத்திலேயே விட்டுவிட்டு வந்தது. இங்கே அதற்கு உணவு மிகுதி, தடுப்பாரோ இல்லை. பப்பாளி, மல்பெரி, மரவள்ளி, பருத்தி, கத்தரி, கொய்யா, காட்டாமணக்கு, தேக்கு, வீட்டு வாசலில் நிற்கும் செம்பருத்தி, வேலியோரத்துத் துத்தி, தரிசில் மண்டும் பார்த்தீனியம் என்று அறுபதுக்கு மேற்பட்ட செடிகளில் அது குடியேற வல்லது. அந்தச் சிற்றூரிலும் இதனால் ஒரு பிணக்கு எழுந்ததாம். நெசவாளர் தெருவில் புறக்கடைதோறும் நின்ற பப்பாளி மரங்களிலிருந்தே பூச்சி வந்தது என்று தோட்டக்காரர்கள் கூறினர்; தோட்டத்துக் குப்பையிலிருந்தே தங்கள் மரங்களுக்கு ஏறியது என்று நெசவாளர்கள் கூறினர். இரண்டும் உண்மையாக இருக்கக்கூடும். பூச்சிக்குப் பட்டா எல்லையும் இல்லை, தெரு எல்லையும் இல்லை.

அடையாளம் காணும் முறை

பெண் பூச்சி மஞ்சள் நிற உடலின்மேல் வெண்மாவு போர்த்தது, இறகற்றது, நீளம் சுமார் 2 மில்லிமீட்டர். உடலின் ஓரத்தைச் சுற்றி மிகக் குட்டையான மெழுகு இழைகள் இருக்கும். தன் உடலைப்போல் மூன்று நான்கு மடங்கு நீளமுள்ள பஞ்சு போன்ற பையில் அது முட்டையிடுகின்றது. ஒரு பெண் நூறு முதல் அறுநூறு முட்டைகள் வரை இடும். சுமார் பத்து நாட்களில் குஞ்சுகள் வெளிவந்து, ஊர்ந்து சென்று, தளிரிலும் இலையின் அடிப்புறத்து நரம்போரத்திலும் வாயூசியைச் செருகிச் சாறு உறிஞ்சத் தொடங்குகின்றன. ஏறக்குறைய ஒரு மாதத்தில் அடுத்த தலைமுறை தோன்றிவிடுகின்றது. ஆண் பூச்சி மிகச் சிறியது. அதற்கு இறகு உண்டு.

பூச்சி கழிக்கும் தேன் போன்ற பசைநீர் கீழ் இலைகளில் சொட்டும். அதன்மேல் கரும்பூஞ்சணம் படர்வதாலேயே இலை கறுக்கின்றது. அந்த இனிப்பை நாடி எறும்புகள் வரிசையாக ஏறும். எறும்பு, தனக்கு இனிப்புத் தரும் மாவுப்பூச்சியை மாட்டைக் காக்கும் இடையன்போல் காத்து, அதன் பகைவர்களை விரட்டுகின்றது. எனவே செடியில் எறும்புச் சாரை கண்டால், உடனே இலையைப் புரட்டிப் பார்த்தல் வேண்டும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. வெள்ளையாய்க் காணும் எல்லாம் மாவுப்பூச்சி அன்று. மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழுவும் உடல் முழுவதும் வெண்மெழுகு இழைகளைச் சுமந்து, பெரிய மாவுப்பூச்சியைப் போலவே தோன்றும். வேறுபாடு நடையில் தெரியும். மாவுப்பூச்சி ஓரிடத்தில் ஒட்டிக் கிடக்கும். பொறிவண்டின் புழு சுறுசுறுப்பாக ஊர்ந்து இரை தேடும். அவ்வாறே, மாவுப்பூச்சிக் கூட்டத்தின் நடுவே ஒருவகைச் சிறு வண்ணத்துப்பூச்சியின் புழுவும் கிடந்து அவற்றைத் தின்னும். அதன் கூட்டுப்புழு குரங்கு முகம் போன்ற வடிவுடையது. இவற்றை நசுக்குவோர் தம் காவலரைத் தாமே கொல்பவர் ஆவர்.

மருந்து ஏன் தோற்றது?

மாவுப்பூச்சியின் உடலை மூடியுள்ள மெழுகின்மேல் நீரில் கரைத்த மருந்து எளிதில் ஒட்டுவதில்லை. முட்டைகளோ பஞ்சுப் பைக்குள் பத்திரமாக இருக்கின்றன. இலை மடிப்பிலும் பட்டை வெடிப்பிலும் பதுங்கியவற்றை மருந்து சென்று தொடுவதேயில்லை. ஆனால் திறந்த வெளியில் பறந்து திரியும் பொறிவண்டும் குளவியும் முதல் தெளிப்பிலேயே மடிகின்றன. பகைவர் ஒழிந்தபின், எஞ்சிய மாவுப்பூச்சி முன்னிலும் விரைவாகப் பெருகுகின்றது. இதனைக் கண்டு மேலும் தெளிப்பவர் பணத்தைச் செலவிட்டுப் பூச்சியையே வளர்த்தவர் ஆகின்றார்.

மல்பெரியில் வேறொரு கேடும் உண்டு. பட்டுப்புழுவும் ஒரு பூச்சியினமே. பூச்சியைக் கொல்லும் மருந்து, நம் பூச்சி எது, பகைப் பூச்சி எது என்று பார்ப்பதில்லை. பழைய குறிப்பேடுகளிலும் பெரியவர்கள் நினைவிலும் உள்ள மருந்துப் பெயர்களை அப்படியே பின்பற்றுவதும் தவறு. எடுத்துக்காட்டாக, ஒருகாலத்தில் மல்பெரிக்குப் பரிந்துரைக்கப்பட்ட டைகுளோர்வாஸ், 2020 டிசம்பர் 31 உடன் நம் நாட்டில் தடை செய்யப்பட்டுவிட்டது.

குளவி வந்த கதை

தாயகத்தில் இப்பூச்சியை அடக்கி வைத்திருந்த பகைவர்களையே இங்கும் வரவழைப்பது என்று அறிஞர்கள் முடிவு செய்தனர். மூன்று வகை ஒட்டுண்ணிக் குளவிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. அவை அசிரோபேகஸ் பப்பாயே, அனகைரஸ் லோக்கி, சூடோலெப்டோமாஸ்டிக்ஸ் மெக்சிகானா என்பன. அமெரிக்க வேளாண்மைத் துறை போர்ட்டோ ரிக்கோ தீவில் வளர்த்து வந்த இக்குளவிகள், 2010 ஜூலையில் பெங்களூரிலுள்ள பூச்சி ஆராய்ச்சிப் பணியகத்துக்கு வந்து சேர்ந்தன. அப்பணியகம் இன்று தேசிய வேளாண் பூச்சி வளங்கள் பணியகம் என்று வழங்குகின்றது. குளவிகளைத் தனிமையில் வைத்து, நம் நாட்டுப் பிற உயிர்களுக்குத் தீங்கில்லை என்று சோதித்த பின்னரே அவற்றை வெளியில் விட்டனர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அவற்றைப் பெருக்கி மாவட்டந்தோறும் வழங்கியது. இலங்கை இதற்கு ஓராண்டு முன்னதாக, 2009 இலேயே, இவ்வழியைக் கைக்கொண்டிருந்தது.

இவற்றுள் நம் மண்ணில் நன்றாக வேரூன்றியது அசிரோபேகஸ் பப்பாயே. அது கண்ணுக்குத் தெரிவதே அரிது, ஒரு மில்லிமீட்டருக்கும் சிறியது, மனிதரைக் கொட்டுவதில்லை. பெண் குளவி இளம் மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு, மாவுப்பூச்சியை உள்ளிருந்தே தின்று வளர்ந்து, இரண்டு மூன்று வாரங்களில் முழுக் குளவியாகி, கூட்டில் ஒரு வட்டத் துளையிட்டு வெளியே பறக்கும். மாவுப்பூச்சியின் வெற்றுத்தோல் மட்டும் உப்பிப் பழுப்பேறி இலையில் ஒட்டியிருக்கும். மாவுப்பூச்சியின் உடலிலன்றி இக்குளவி வளர்வதில்லை. பட்டுப்புழுவுக்கு அதனால் கேடில்லை. 2011 ஆம் ஆண்டுக்குள் தமிழகத்தின் பெரும்பாலான இடங்களில் பப்பாளியும் மல்பெரியும் மரவள்ளியும் மீண்டன. பூச்சி அறவே ஒழிந்துவிடவில்லை. இன்றும் ஆங்காங்கே தென்படுகின்றது. ஆனால் குளவியும் அதனோடு வாழ்ந்து, அதனை அளவோடு நிறுத்தி வைக்கின்றது.

இதே வரலாறு மற்றுமொரு முறை நிகழ்ந்தது. 2020 இல் மரவள்ளி மாவுப்பூச்சி என்னும் வேறோர் இனம் கேரளத்தின் திருச்சூரில் காணப்பட்டு, சேலம், நாமக்கல் வட்டாரத்து மரவள்ளியைத் தாக்கியது. 1970 களில் ஆப்பிரிக்க மக்களின் உணவையே பறிக்க முனைந்த பூச்சி அது. தென்னமெரிக்காவின் பராகுவே நாட்டில் கண்டறியப்பட்ட அதற்குரிய குளவியை ஆப்பிரிக்காவில் பரவச் செய்த ஹான்ஸ் ஹெரன் என்னும் அறிஞர், 1995 இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அதே குளவி ஆப்பிரிக்காவின் பெனின் நாட்டிலிருந்து தருவிக்கப்பட்டு, 2022 மார்ச்சில் சேலம் மாவட்டம் ஏத்தாப்பூரில் வயலில் விடப்பட்டது.

சாயத்துக்காக வந்த பூச்சி

நெசவாளர்கள் சிறப்பாக அறியத்தக்க ஒரு பழைய செய்தியும் உண்டு. மாவுப்பூச்சியின் உறவினமான கோச்சினீல் என்னும் பூச்சி, கள்ளியில் வாழ்வது. அதனை உலர்த்திப் பொடித்தால் உயர்ந்த செஞ்சாயம் கிடைக்கும். அச்சாய வாணிகம் நெடுங்காலம் ஸ்பானியர் கையில் இருந்தது. அதனைத் தாமும் பெற விரும்பிய கிழக்கிந்தியக் கம்பெனியார், 1795 இல் பிரேசிலிலிருந்து அப்பூச்சியை இந்தியாவுக்குக் கொணர்ந்தனர். வந்ததோ வேறோர் இனம். நல்ல சாயம் கிடைக்கவில்லை. ஆயினும், அது பயிர் நிலங்களை அடைத்துக்கொண்டிருந்த ஒருவகைக் கள்ளியைத் தின்று அழித்தது. அது தொடாத சப்பாத்திக்கள்ளியை அழிக்க, 1926 இல் இலங்கையிலிருந்து வேறோர் இனம் தருவிக்கப்பட்டது. தென்மாவட்டங்களில் முள்ளடைந்து கிடந்த நிலம் பல அவ்வாறே மீண்டும் ஏருக்கு வந்தன. பூச்சியினம் முழுவதும் பகையன்று, இடமறிந்து விட்டால் அது வேலையாளும் ஆகும் என்பதற்கு இது சான்று.

நாம் செய்ய வேண்டியவை

1. வாரம் ஒருமுறை தோட்டத்தின் ஓரச் செடிகளையும், வீட்டுப் பப்பாளி, செம்பருத்தி ஆகியவற்றையும் இலை புரட்டிப் பார்க்க வேண்டும். பூச்சி முதலில் ஓரத்திலேயே தோன்றும்.

2. வெள்ளை கண்டதும் வெட்டுவதற்கு முன், உப்பிப் பழுப்பேறித் துளைபட்ட தோல்கள் உள்ளனவா என்று கூர்ந்து நோக்குக. அவை மிகுதியாக இருந்தால் குளவி வேலை செய்கின்றது என்று பொருள். அக்கிளையை எரிக்கலாகாது; மருந்தும் தெளிக்கலாகாது.

3. துளைபட்ட தோல்கள் இல்லையெனில், தாக்குண்ட கிளைகளை வெட்டிச் சாக்கில் இட்டுக் கட்டி எடுத்துச் சென்று எரிக்க வேண்டும். வாய்க்காலிலும் சாலையோரத்திலும் எறிதல் கூடாது. குஞ்சுகள் நீரிலும் காற்றிலும், நம் உடையிலும் கத்தியிலும் தொற்றிப் பரவும்.

4. துத்தி, பார்த்தீனியம் முதலிய களைகளைப் பூக்கும் முன்னரே அகற்றுக. செடியின் அடியிலுள்ள எறும்புப் புற்றுக்களைக் கண்டு கலைக்க வேண்டும்.

5. பூச்சி கண்ட இடங்களுக்கு மட்டும், ஒரு லிட்டர் நீருக்கு 20 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலுடன் கலந்து தெளிக்கலாம். அல்லது அரைக் கிலோ வேப்பங்கொட்டைப் பருப்பை இடித்து ஓரிரவு நீரில் ஊறவைத்து, வடிகட்டி, 10 லிட்டராக்கித் தெளிக்கலாம். லிட்டருக்கு 25 கிராம் வீதம் மீன் எண்ணெய் சோப்பும் பயன்படும். மல்பெரியாயின், எது தெளித்தாலும் எத்தனை நாள் கழித்து இலை பறிக்கலாம் என்பதைப் பட்டு வளர்ச்சித் துறை அலுவலரிடம் கேட்டறிந்த பின்னரே புழுவுக்கு இட வேண்டும்.

6. வீட்டுத் தொட்டிச் செடிகளுக்கு மருந்தே வேண்டுவதில்லை. விசையாக நீர் பீய்ச்சிக் கழுவி, எஞ்சியவற்றைச் சோப்பு நீரில் நனைத்த துணியால் துடைத்தால் போதும்.

7. பூச்சி கண்ட தோட்டத்திலிருந்து நடவுக் குச்சிகளை வாங்குதலோ கொடுத்தலோ கூடாது.

8. குளவி வேண்டுவோர் அருகிலுள்ள வேளாண் அறிவியல் நிலையத்தையோ, வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் நிலையத்தையோ அணுகுக.

சங்கத்தின் கடமை

இவற்றை ஒருவர் மட்டும் செய்து பயனில்லை. ஒருவர் குளவியை விட்டு, அடுத்தவர் கடுமருந்து தெளித்தால், முன்னவர் விட்ட குளவியும் மாளும். ஒருவர் கிளையை எரித்து, அடுத்தவர் வேலியில் எறிந்தால், பூச்சி நாளையே திரும்பும். ஆகவே இது தனியார் முயற்சியால் ஆகக்கூடியதன்று; கூட்டு முயற்சியாலேயே ஆகும். கடன் கொடுப்பதோடும் தவணை கேட்பதோடும் சங்கத்தின் வேலை முடிந்துவிடுவதில்லை. புதிய பூச்சி ஒன்று கண்டதும், அதன் மாதிரியை மூடிய குப்பியில் இட்டு வேளாண் அலுவலருக்கு அனுப்புவதும், வரும் யோசனையை அறிவிப்புப் பலகையில் எழுதி, எழுத்தறியா உறுப்பினருக்கு வாய்மொழியாகச் சொல்வதும் சங்கத்தின் கடமையே. வளர்ப்போர் தெரு, நெசவாளர் தெரு என்று பாராது, ஒரே நாளில் ஊர் முழுவதும் களை நீக்கவும் கிளை வெட்டவும் ஏற்பாடு செய்தால் பாதி வெற்றி அன்றே கிட்டும். அதற்குச் சங்கத்துக்கு ஆகும் செலவு மிகச் சிறிது. ஒரு கடன் நிலுவையில் நிற்பதால் வரும் நஷ்டத்தோடு ஒப்பிடவும் தகாதது.

ஆய்வு முடிந்து நான் புறப்பட்டபொழுது, அந்த உறுப்பினர் என்னைத் தம் நிலத்துக்கு அழைத்துச் சென்றார். அரை ஏக்கரில் புதிதாக மல்பெரி வைத்திருந்தார். ஓரச் செடி ஒன்றில் சிறு வெள்ளைத் திட்டு இருந்தது. நான் அதனைக் காட்டினேன். அவர் பதறவில்லை, இலையைப் புரட்டி, வெயிலுக்கு நேரே பிடித்து, நகத்தால் ஒரு தோலைத் தொட்டுக் காட்டினார். அதில் ஊசி முனையளவு ஒரு வட்டத் துளை இருந்தது. “வந்திருக்குதுங்க” என்றார்.

ஆய்வறிக்கையில் அவருடைய கடனைப் புதிய தவணைகளாக மாற்றியமைக்கலாம் என்று பரிந்துரை எழுதினேன். குறிப்புக் கட்டத்தில் இருந்த “பயிர்ச்சேதம்” என்ற ஒற்றைச் சொல்லோடு நிறுத்தாமல், இன்ன பூச்சி, இன்ன ஆண்டு, இன்ன தவறு என்று விளங்க எழுதுமாறு செயலாளரிடம் கேட்டுக்கொண்டேன். அடுத்த பூச்சி வரும்பொழுது அந்த ஏட்டைப் புரட்டுவோருக்கு அது உதவும். ஒருவர் பட்ட நஷ்டம் ஊரார் அனைவருக்கும் அறிவாக மாறுவதும் கூட்டுறவின் பயன்களுள் ஒன்றன்றோ!